முதல் வரிசை ஈரம்

முழங்காலை மடக்கி முதல் வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் ஜெய்லானி ராவுத்தருக்குத் தான் செய்துவிட்ட காரியம் உறைத்தது. பள்ளிவாசலின் கடைசியில், தூணை ஒட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. முழங்கால் தேய்ந்தவர்களும் இடுப்புப் பிடித்தவர்களும் உட்கார்ந்து தொழுவதற்காகப் போட்டவை. யார் என்ன கேட்டாலும் சரி, அதில் ஒன்றில் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தார். சபுரா வாசல்வரை வந்து, "நாக்காலியிலதான் உக்காரணும், சொல்லிட்டேன். திங்கக்கிழமை ஆப்பரேசனை வச்சுக்கிட்டு அங்க போய்க் குனிஞ்சு எந்திரிச்சீகன்னா அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். மனைவி சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்தவர்தான். உள்ளே கால் வைத்ததும் முன்னாலிருந்து உதுமான் கையை ஆட்டினான். மார்க்கெட் முக்கில் ஆட்டோ ஓட்டுகிற பையன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சீக்கிரமே வந்து, தன் பக்கத்தில் கைக்குட்டையை விரித்து, அவருக்கு இடம் பிடித்து வைப்பவன். அவன் கையை ஆட்டியதும் உட்கார்ந்திருந்தவர்கள் ஆளாளுக்குக் காலை ஒதுக்கினார்கள். "அண்ணனுக்கு வழி விடுங்கப்பா." "வாங்க மாமு, வாங்க." இல்லையப்பா, இன்றைக்கு நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வாய் அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தபோதே கால் நடந்துவிட்டது. இப்போது இடதுபக்கம் உதுமானின் முழங்கால் இடிக்கிறது. வலதுபக்கம், பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி அனீபா ராவுத்தரின் முழங்கால். பின்னால் வரிசை வரிசையாக இன்னும் யார் யாருடையவோ முழங்கால்கள். எழுந்தால் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

தொழுகை நடத்துகிற ஹஜரத் பேச ஆரம்பித்திருந்தார். தமிழில் பேசுகிற இந்தப் பயான் முடிந்ததும் அரபியில் குத்பா உரை, குத்பா முடிந்ததும் தொழுகை, தொழுகையில் நெற்றியும் மூக்கும் தரையில் படுகிற சஜ்தா. அதுவரைக்கும் நேரமிருக்கிறது என்றது ஒரு மனசு. அதுவரைக்கும்தான் நேரம் என்றது இன்னொன்று. இடது மூக்கின் உள்ளே, எங்கோ மேலே, எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. வருகிறது. தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்தார். துளி முன்னால் வராமல் தொண்டைப் பக்கம் இறங்கியது. உப்புக் கரித்தது, துருப்பிடித்த ஆணியை வாயில் வைத்த ருசியும் அதில் இருந்தது. முன்பெல்லாம் சளிதானே என்று விழுங்கிவிடுவார். மதுரை டாக்டரம்மா, "இது சளி இல்ல பாய். மூளையைச் சுத்தி ஒரு தண்ணி நிக்கும், மூளை அதுலதான் மிதக்குது. மூக்குக்கும் மூளைக்கும் நடுவுல தடுப்பா ஒரு மெல்லிசான எலும்பு. அதுல உங்களுக்கு ஓட்டை விழுந்திருக்கு" என்று சொன்னதிலிருந்து விழுங்கக் கூசுகிறது. துப்பவும் மனசு வரவில்லை, உள்ளே இருக்க வேண்டிய பொருளாயிற்றே. தன் மூளைத் தண்ணீரைத் தானே குடிக்கிற மனுஷன் இந்தத் தேனி ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டே விழுங்கினார். தண்ணீர் வெளியே வருவதுகூடப் பெரிசில்லை என்றார் அந்த அம்மாள். அது வருகிற வழியாகவே கிருமி உள்ளே போகும். மூளைக்காய்ச்சல் வந்துவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காரியம் கெட்டுவிடும். அதனால் ஓட்டையை அடைக்கிறவரைக்கும் குனியக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கக்கூசில் முக்கக் கூடாது, தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். "தொழுகை உண்டா உங்களுக்கு? நாற்காலியில உக்காந்து தொழுங்க. தலை தரைக்குப் போகவே கூடாது." எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். தலை தரைக்குப் போவதில்தான் ஜெய்லானி ராவுத்தரின் மானம் மரியாதை அத்தனையும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

ஓட்டைக்குக் காரணமாக அவர் விழுந்ததாவது கவுரவமான விழுதலா என்றால் அதுவும் இல்லை. அவருக்கு இலவம்பஞ்சு மெத்தை, தலையணைக் கடை. ஒரு கல்யாண வீட்டில் கொடுப்பதற்காக மொபெட்டின் பின்னால் தலையணைகளைப் பெரிய மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனார். வேகத்தடை கண்ணில் படவில்லை. மூட்டை அவிழ்ந்து ரோடு முழுக்கத் தலையணை. இத்தனை தலையணை கிடக்கையில் அவருடைய நெற்றி மட்டும் தேடிப் போய்க் கல்லில் இடித்தது. டீக்கடையில் இருந்தவர்கள் ஓடிவந்து தூக்கிவிட்டு, தண்ணீர் கொடுத்து, சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். மூக்கில் கொஞ்சம் ரத்தம், நெற்றியில் புடைப்பு, ரெண்டு நாள் தலைவலி, அதோடு மறந்துவிட்டார். கொஞ்ச நாள் கழித்து மூக்கு ஒழுக ஆரம்பித்தபோது இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை. பஞ்சுக் கடைக்காரன் மூக்கு ஒழுகாமல் இருந்தால்தான் அதிசயம். உள்ளூர் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, "என்ன தொழிலு? பஞ்சா? அப்ப வேற என்னத்த, டஸ்ட் அலர்ஜிதான்" என்று சொல்லி மாத்திரை எழுதினார். மாத்திரை தின்றால் தூக்கம் வந்தது, ஒழுகல் நிற்கவில்லை. வேறு மாத்திரை எழுதினார், அதற்கும் தூக்கம்தான் வந்தது. கடையில் தலையணை உறைக்குள் பஞ்சைத் திணித்துக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கியிருக்கிறார். ரெண்டு மூக்கும் ஒழுகவில்லை, இடதுபக்கம் மட்டும்தான் என்று அவருக்கே தெரியும். குனிந்தால் சொட்டுகிறது, நிமிர்ந்தால் நிற்கிறது என்றும் தெரியும். இதையெல்லாம் அந்த டாக்டரிடம் சொல்லியிருக்கலாம், அவராவது திடுக்கிட்டு மதுரைக்கு அனுப்பியிருப்பார். சொல்ல விடாமல் நடுவில் இன்னொன்று நடந்துவிட்டது.

அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ஒரு வெள்ளிக்கிழமை, இதே இடம்தான். சஜ்தாவில் தலையை வைத்ததும் துளித் துளியாகக் கொட்டியது. எழுந்து பார்த்தால் நீலக் கார்பெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அவமானமாகப் போய்விட்டது. சலாம் சொல்லித் தொழுகையை முடித்த கையோடு யாரும் பார்ப்பதற்குள் துடைத்துவிடலாம் என்று கைக்குட்டையை எடுத்தார். அனீபா ராவுத்தர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். யாரையும் லேசில் மதிக்காத மனுஷன். "விடு ஜெய்லானி, தொடைக்காத. அல்லாவுக்காக அழுத கண்ணீரு. இதுல வெக்கப்பட என்னப்பா இருக்கு?" என்றார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியிருந்தது. ஐயோ மாமு, இது மூக்குச்சளி என்று அந்த நிமிஷத்தில் சொல்லியிருந்தால் ரெண்டு பேரும் சிரித்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டார், அவ்வளவுதான். குனிந்த தலையிலிருந்து இன்னும் ரெண்டு துளி விழுந்தது. அடக்கமாட்டாமல் அழுகிறான் என்று அனீபா ராவுத்தர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அதுவரைக்கும் இந்த உத்தமபாளையத்தில் ஜெய்லானியை யார் கண்டார்கள்? மெத்தைக்காரர் என்றால் தெரியும், பெயர் தெரியாது. அவர் ஒரு பேச்சை ஆரம்பித்தால் எதிரில் இருக்கிறவர் பாதியில் இன்னொருத்தர் பக்கம் திரும்பிக்கொள்வார். கல்யாண வீட்டில் பிரியாணிச் சட்டியைச் சுற்றி உட்கார நாலாவது ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவரைத் தேடி ஆள் வந்தது. புது வண்டி வாங்கினவன் சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து வாங்கிப்போனான். வெளிநாடு போகிறவன் வந்து, ஓதிவிடுங்கள் என்றான். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நின்று அவரை முதலில் போகவிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. நடை மெதுவானது. கடையில் குரலை உயர்த்துவதை விட்டார். மீசையை எடுத்துவிட்டுத் தாடியை வளர்த்தார், சபுரா, "இதென்ன புது வேசம்" என்று கேட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை சஜ்தாவில் மூக்கு ஒழுகவில்லை. முதல் சஜ்தாவில் இல்லை, ரெண்டாவதிலும் இல்லை. அனீபா ராவுத்தர் பார்ப்பாரே, உதுமான் பார்ப்பானே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தலையை இன்னும் கொஞ்சம் அழுத்தி, வா, வந்துவிடு, ஒரு துளியாவது வா என்று கெஞ்சினார். அல்லாவைக் கெஞ்ச வேண்டிய இடத்தில் மூக்கைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். கடைசியில் வந்தது. வந்ததும் மனசு நிறைந்தது. நோயாக வடிகிற தண்ணீர், தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவிச் செய்கிற ஒளுவை முறிக்குமா, முறிக்குமென்றால் இத்தனை நாள் தொழுததெல்லாம் என்ன கணக்கில் சேரும் என்று ஹஜரத்திடம் கேட்கலாம். ஒரே நிமிஷத்தில் பதில் சொல்லிவிடுவார். கேட்டால், எதற்குக் கேட்கிறீர்கள் என்பார். அதனால் கேட்கவில்லை. கேட்காமலே தொழுதார், தொழுதுகொண்டே கேட்க வேண்டும் என்று நினைத்தார்.

சபுரா மட்டும் ஏமாறவில்லை. அவள்தானே துணி துவைக்கிறவள். "சளின்னா காஞ்சதும் கைக்குட்டை மொடமொடன்னு நிக்கணும். இது பச்சத்தண்ணி பட்ட மாதிரி காயுது. தலையணையும் ஒரு பக்கமாவே நனையுது. வாங்க மதுரைக்கு" என்று இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அந்த டாக்டரம்மா கையில் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்து, மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்து உட்காரச் சொன்னார். அந்தத் தண்ணீரைச் சோதித்தால்தான் அது மூளைத் தண்ணீரா என்று நிச்சயமாகத் தெரியுமாம். ஊரெல்லாம் ஒழுகின மூக்கு, பாட்டிலைக் கண்டதும் நின்றுவிட்டது. கழுத்து வலிக்க வலிக்க, நர்ஸ் வந்து வந்து எட்டிப்பார்க்க, முழங்காலுக்கு நடுவில் தலையைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார். பின்னே சொட்டியது. பாட்டிலுக்குள் விழுகிற சத்தம் கேட்டது. கண்ணீர் மாதிரியேதான் இருந்தது, ஒரு நிறமும் இல்லை. ரிப்போர்ட் வந்தது, ஸ்கேன் எடுத்தார்கள், மிளகை விடச் சின்ன ஓட்டை என்று படத்தில் காட்டினார்கள். மண்டையைத் திறக்க வேண்டியதில்லையாம். மூக்கு வழியாகவே கேமராவை விட்டு, தொடையிலிருந்து கொஞ்சம் சதை எடுத்து, கிழிந்த மெத்தைக்கு ஒட்டுப் போடுகிற மாதிரி ஒட்டுப் போட்டுவிடுவார்களாம். "பெரும்பாலும் ஒரே தடவையில சரியாயிடும். அப்புறம் சொட்டுத் தண்ணி வராது" என்று டாக்டரம்மா சிரித்தபோது சபுரா அழுதுவிட்டாள். அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. சொட்டுத் தண்ணி வராதா, அப்புறம் வெள்ளிக்கிழமை என்ன செய்வது என்பதுதான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு வருகிற நினைப்பா இது? வந்ததே.

கழுத்து வலித்தது. வலிக்கிறதா, இல்லை உட்கார்ந்திருக்கிற வாகில் பிடித்திருக்கிறதா? கழுத்து விறைத்தாலோ, காய்ச்சலோடு தலைவலி வந்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ அந்த நிமிஷமே வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். மேலே டியூப்லைட்டைப் பார்த்தார். கூசியது. டியூப்லைட்டை நேரே பார்த்தால் யாருக்கும் கூசத்தானே செய்யும். பக்கத்திலிருப்பவர்களுக்குக் கூசுகிறதா என்று கேட்கவா முடியும். புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். முகவாயை நெஞ்சில் தொட்டுப் பார்ப்பது ஒரு சோதனை, தொட முடிந்தால் பயமில்லை என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்து, மெதுவாகத் தலையைக் கவிழ்த்தார். தொட முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ். அந்த நேரம் பார்த்து ஹஜரத் பயானில், "அல்லாவை நெனச்சு அழுகிற கண்ணு எவ்வளவு பெரிய பாக்கியம். எங்கயோ தேடிப்போக வேண்டாம். நம்ம ஜமாத்துலயே, இதோ, முதல் சஃப்புலயே, முன் வரிசையிலயே ஒருத்தர் இருக்காரு. பேரு சொன்னா அவருக்குப் பிடிக்காது" என்றார். முதுகில் பார்வைகள் வந்து விழுவது தெரிந்தது. பெயரைச் சொல்லாமல் சொன்னதற்கே அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார் என்றுதான் அத்தனை பேரும் நினைத்திருப்பார்கள். நிமிர்ந்தால் பெருமைப்படுகிறான் என்பார்கள். கவிழ்ந்திருந்தால் ஒழுகும். எப்படி இருந்தாலும் மாட்டிக்கொள்கிற மாதிரிதான் இருந்தது. எழுந்து பின்னால் போக இனிமேல் வழியே இல்லை, ஹஜரத்தே கதவைச் சாத்திவிட்டார்.

பயான் முடிந்து, ஆட்கள் எழுந்து கூட்டுத் தொழுகைக்கு முந்திய சுன்னத் தொழுகையைத் தனித்தனியே தொழ ஆரம்பித்தார்கள். அவர் அதை வீட்டிலேயே கட்டிலில் உட்கார்ந்து தொழுதுவிட்டு வந்திருந்தார். உதுமான் தன் தொழுகையைச் சுருக்காக முடித்துவிட்டு அவர் காதருகில் சாய்ந்தான். ஒவ்வொரு வாரமும், எங்க வீட்டுக்காகக் கேளுங்கண்ணே என்று அவன் சொல்வதும், இன்ஷா அல்லாஹ் என்று இவர் சொல்வதும் வழக்கம். அவன் மனைவிக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை கரு தங்காமல் போயிருக்கிறது, இது மூன்றாவது. இன்றைக்கு அவன் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. "அண்ணே, ஒங்ககிட்டச் சொல்லாம ஒரு காரியம் பண்ணிட்டேன். போன வாரம் நீங்க அழுத எடத்துல, அந்த ஈரத்துல, கைக்குட்டையை ஒத்தி எடுத்துட்டுப் போய் எங்க வீட்டுக்காரி வயித்துல தடவுனேன். அன்னைக்கு வரைக்கும் லேசா ரத்தம் பட்டுக்கிட்டே இருந்துச்சு. மறுநாளே நின்னுருச்சுண்ணே. இன்னைக்கும் எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன்." அவர் அவன் பக்கம் திரும்பினார். "டாக்டர்ட்டக் காமிச்சியா?" என்று மட்டும் கேட்டார். "போகணும்ணே. அதான் நின்னுருச்சுல்ல" என்றான். அதற்குள் இரண்டாவது பாங்கு சொல்லி, ஹஜரத் கைத்தடியோடு மிம்பர் மேடையில் ஏறிவிட்டார். குத்பா ஓதும்போது யாரும் பேசக் கூடாது. சொல்ல வேண்டியது வாய்வரைக்கும் வந்து நின்றது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு என் மூக்குத் தண்ணீரைத் தடவியிருக்கிறான். அதை நம்பி டாக்டரிடம் கூட்டிப்போகாமல் இருக்கிறான். ரத்தம் தானாக நின்றிருக்கும், நாளைக்கே திரும்பவும் வரும், அப்போது அவன் யாரிடம் ஓடுவான்? என்னிடம்தான் ஓடிவருவான். நான் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் கிடப்பேன். இல்லை, இப்போதே சஜ்தாவில் குனிந்து, கிருமி மேலே ஏறி, அதற்குள் மண்ணறைக்கே போய்விடுவேன், ஜெய்லானி அழுது அழுதே போய்ச் சேர்ந்தான் என்று ஹஜரத் அதையும் பயானில் சொல்வார். அப்புறம் அந்தக் கார்பெட்டை வெட்டி எடுத்துவைத்தாலும் வைப்பார்கள். அரபி ஓசை மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

தொழுகைக்கு எழச் சொல்லும் இகாமத் சொன்னார்கள். எல்லோரும் எழுந்து தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். இரண்டு பக்கத் தோள்களும் அவரைப் பிடித்து நிறுத்தியிருந்தன. அல்லாஹு அக்பர். கையைக் கட்டினார். ஹஜரத் ஓதிக்கொண்டிருக்கும்போதே அவருக்குள் பேரம் நடந்தது. ஒரே ஒரு தடவை குனிந்தால் என்ன ஆகிவிடும், இத்தனை மாசம் குனியவில்லையா. அப்படியே கிருமி போனாலும் திங்கட்கிழமை டாக்டர் இருக்கிறார். இன்றைக்கு மட்டும், இந்த ஒரு தொழுகை மட்டும், அப்புறம் மதுரையிலிருந்து வந்து உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே தொழுதுகொள்ளலாம். ருகூவுக்கு எல்லோரும் வளைந்தார்கள். அவர் பாதி வளைந்து, தலையைத் தூக்கியே வைத்துக்கொண்டார். ஒரு துளி மூக்கு நுனிக்கு வந்து நின்றது. நிமிர்ந்ததும் மீசை இருந்த இடத்தில் வழிந்தது. அல்லாஹு அக்பர், சஜ்தா. முழங்கால் தரையில் பட்டது. கைகள் பழக்கத்தில் முன்னால் போய்க் கார்பெட்டைத் தொட்டன. நெற்றி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உதுமானின் கை, விரல்களைச் சேர்த்து, தரையில் விரிந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கைதான் கைக்குட்டையை எடுக்கும். ஈரத்தை ஒத்தும். வீட்டுக்கு ஓடும். அவர் நின்றார். பயத்தில் நின்றார் என்று சொன்னாலும் சரி, செத்துப்போக மனசில்லை, அதுவும் உண்மைதான். கையைத் தரையிலிருந்து எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, தலையை இம்மியளவு சாய்த்தார். நோயாளிக்கு அவ்வளவு சைகை போதும் என்று அவருக்கு எப்போதோ தெரியும். இரண்டு பக்கமும் கடைசிவரைக்கும் முதுகுகள்தான் தெரிந்தன. முன்னால் ஹஜரத்தின் முதுகு. சஜ்தாவில் எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக இத்தனை நாளும் நினைத்திருந்தாரே, ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது, அத்தனை பேர் முகமும் தரையில் இருக்கிறது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியே உட்கார்ந்திருந்தார். அடுத்த சஜ்தாவிலும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வலதுபக்கமும் இடதுபக்கமும் சலாம் சொல்லித் தொழுகை முடிந்தது. உதுமான் சட்டைப்பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்து, யாருக்கும் தெரியாமல் செய்கிற பாவனையில், அவர் முன்னால் கையைக் கொண்டுபோனான். கார்பெட் காய்ந்து கிடந்தது. கொஞ்சம் தள்ளித் தடவினான். இந்தப் பக்கம் தடவினான். பின்பு அவரை நிமிர்ந்து பார்த்தான். "இன்னைக்கு அழுகலையாண்ணே?" குரல் இறங்கிவிட்டது, வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்ட மாதிரி முகம். ஜெய்லானி ராவுத்தர், "நான் என்னைக்குமே அழுகலை உதுமான்" என்றார். அவன் லேசாகச் சிரித்தான். "நீங்க மறைக்கிற ஆளு, தெரியும்ணே." "மறைக்கல. இத்தன நாளும் மறைச்சேன், இப்ப சொல்றேன். அது கண்ணீரு இல்ல. வண்டியில விழுந்தப்ப மண்டைக்குள்ள ஓட்டை விழுந்திருச்சு, அதுவழியா மூக்குல ஒழுகுற தண்ணி. திங்கக்கிழமை மதுரையில அடைக்கப் போறாக. குனியவே கூடாதுன்னு சொல்லியிருக்காக. அந்தத் துணியைத் தூரப் போடு. அந்தப் புள்ளையை இன்னைக்கே டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போ." வலதுபக்கம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த அனீபா ராவுத்தரின் விரல் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மணியும் அதற்குப் பிறகு நகரவில்லை.

உதுமான் கோபப்படுவான், நாலு பேர் கேட்கச் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தார். போட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவன் கைக்குட்டையை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான். பின்பு, "அப்ப எங்க வீட்டுக்காக நீங்க கேட்டீகளாண்ணே?" என்றான். அதைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இன்ஷா அல்லாஹ் சொன்னாரே. கேட்டேன் என்று சொல்லிவிடலாம். தண்ணீர் பொய்யானாலும் கேட்டது நிஜம் என்று அவன் ஆறிப்போவான், அவருக்கும் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். எத்தனை சஜ்தா. ஒன்றிலாவது கேட்டிருக்கிறேனா என்று தேடிப் பார்த்தார். ஒழுகுகிறதா, நின்றுவிட்டதா, எவ்வளவு அகலம், யார் பார்த்தார்கள், இவ்வளவுதான் இருந்தது. "இல்ல உதுமான்" என்றார். "ஒரு தடவகூடக் கேக்கல."

ஹஜரத் ஜமாத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கைகளை ஏந்தி துஆ ஓதத் தொடங்கினார். பள்ளி முழுக்கக் கைகள் உயர்ந்தன, ஆமீன் ஆமீன் என்று சத்தம் எழுந்தது. உதுமானின் கைகள் மட்டும் மடியில் கிடந்தன. ஜெய்லானி ராவுத்தருடைய மூக்கிலிருந்து ஒரு துளி இறங்கி உதட்டுக்கு வந்தது. எல்லோருக்கும் தெரியவே புறங்கையால் துடைத்துவிட்டு, அவன் பக்கம் சாய்ந்தார்.

"உதுமான், அந்தப் புள்ள பேரு என்ன?"

அவன் அவரைப் பார்த்தான். இத்தனை வாரமாக அவர் அதைக் கேட்டதே இல்லை என்பது அவனுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். சொல்வதா வேண்டாமா என்பது போலக் கைக்குட்டையை இன்னொரு தடவை மடித்தான்.

"நிலோபர்" என்றான்.

ஜெய்லானி ராவுத்தர் தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் ஏந்தி, அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்.